பாவப் பொறுத்தலும் பணம் அனுப்புதலும்

வங்கிக்குப் போய்வருகிற அனைவருக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலச் சொல் 'றெமிற்'. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் பிள்ளை அனுப்பிய காசு கணக்கில் விழுந்தால், 'றெமிற்றன்ஸ் வந்திருக்கிறது' என்கிறார்கள். காசு அனுப்புவதைக் குறிக்கும் இந்த வினைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் வேறு பொருள்களும் உண்டு. கடனை அறவிடாமல் விடுவதற்கும், சிறைத் தண்டனையைக் குறைப்பதற்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாவங்களை மன்னிப்பதற்கும் இதே சொல்தான் வழங்குகிறது. பணம் அனுப்புவதற்கும் பாவம் மன்னிப்பதற்கும் என்ன உறவு? அகராதியை விரித்து ஆராய்வது பண்டிதர்களின் வேலைதானே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால் இந்தச் சொல்லின் வேரைத் தோண்டிப் பார்த்தால் அது நம் வீட்டு முற்றத்துக்கே வந்து நிற்கிறது.

ஒரு வேர், பல கிளைகள்

'றெமிற்' என்பது இலத்தீன் மொழியின் 'ரெமித்தெரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. 'மித்தெரே' என்றால் அனுப்புதல், போகவிடுதல். முன்னால் நிற்கும் 'ரே' திரும்பவும், பின்னோக்கி என்று பொருள்படும். ஆகவே திருப்பி அனுப்புதல் என்பதே அதன் நேர்ப்பொருள்.

இந்த 'மித்தெரே'யின் பிள்ளைகள் நாள்தோறும் நம் வாயில் நடமாடுகின்றன. நோயாளியை ஆஸ்பத்திரியில் 'அட்மிற்' பண்ணுகிறோம். அதாவது உள்ளே விடுகிறோம். மணல் ஏற்றப் 'பெர்மிற்' எடுக்கிறோம். ஊடே போகவிடும் அனுமதி அது. ஆலயத் திருவிழாவுக்குக் 'கொமிற்றி' கூட்டுகிறோம். காரியம் ஒப்படைக்கப்பட்டவர்கள் அவர்கள். வேலையிலிருந்து 'டிஸ்மிஸ்' செய்யப்பட்டவர் அப்பால் அனுப்பப்பட்டவர். 'மிஷன்' பள்ளிக்கூடம் என்கிறோமே, அந்த மிஷன் என்பதும் அனுப்பப்படுதல்தான். திருப்பலிக்கு ஆங்கிலத்தில் 'மாஸ்' என்று பெயர் வந்ததும் இந்த வேரிலிருந்தே. இலத்தீனில் பூசை நடந்த காலத்தில், முடிவில் குருவானவர் மக்களை அனுப்பிவைக்கும் வாக்கியத்தில் வந்த 'மிசா' என்ற சொல்லே பூசைக்குப் பெயராயிற்று.

உரோமர்கள் 'ரெமித்தெரே' என்பதை இன்னும் பல இடங்களில் ஆண்டார்கள். வில்லின் நாணைத் தளர்த்துவதும் குதிரையின் கடிவாளத்தை இளக்குவதும் அவர்களுக்கு 'ரெமித்தெரே'தான். இழுத்துப் பிடித்ததை விடுவது என்ற கருத்து அதில் இருக்கிறது. புற்றுநோய் தணிந்து அடங்கியிருக்கும் நிலையை வைத்தியர்கள் 'றெமிஷன்' என்று குறிப்பிடுவதும் இதனாலேயே.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வரிசையையும் கவனிக்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வந்தபோது பாவத்தை மன்னித்தல் என்ற பொருளோடு வந்தது. 15ஆம் நூற்றாண்டில் கடனைச் செலுத்தாமல் இருக்க விடுதல் என்ற பொருள் சேர்ந்தது. பணத்தை அனுப்பிவைத்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் பதிவாகிறது. ஆக, வங்கியில் புழங்குவதற்கு முன்பே இச்சொல் கோவிலில் புழங்கியது. நாமோ கோவிலில் புழங்கிய பொருளை மறந்து, வங்கிப் பொருளை மட்டும் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம்.

கடனும் பாவமும்

நம் ஆண்டவர் பேசிய அரமாயிக் மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் இருந்தது. ஆகவேதான் அவர் கற்பித்த செபத்தை எழுதும்போது மத்தேயு 'கடன்கள்' என்று எழுதுகிறார். லூக்கா 'பாவங்கள்' என்று எழுதினாலும், அடுத்த பகுதியில் நமக்குக் 'கடன்பட்டவர்' என்றே தொடர்கிறார். 382ஆம் ஆண்டளவில் திருத்தந்தை தமாசுவின் வேண்டுகோளின்படி நற்செய்திகளின் இலத்தீன் பாடத்தைத் திருத்த முற்பட்ட புனித எரோணிமுவும் அந்தக் 'கடன்' என்ற சொல்லை மாற்றவில்லை. அவருடைய இலத்தீன் செபத்தில் மன்னிப்பைக் குறிக்கும் வினை 'திமித்தே' என்பது. அது 'றெமிற்' என்பதன் உடன்பிறப்பு. 'டிஸ்மிஸ்' என்பதன் தாய்.

கடன் விடுதலை இஸ்ராயேல் மக்களுக்குப் புதிய சங்கதி அன்று. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அயலானின் கடனை விட்டுவிடவேண்டும் என்று உபாகமம் 15ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஐம்பதாம் ஆண்டில் கைமாறிப்போன காணி பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏழாம் ஆண்டு நெருங்குகிறதே என்று ஏழைக்குக் கடன் கொடுக்க மறுக்காதே என்ற எச்சரிக்கையும் அங்கே இருக்கிறது. மனிதர் இதயம் எப்படி வேலை செய்யும் என்பது ஆண்டவருக்குத் தெரியும். எச்சரித்தபடியே நடந்தது. கடன் கொடுப்பார் இல்லாமற் போகவே, ஆண்டவர் காலத்துக்குச் சற்று முன் வாழ்ந்த ஹில்லேல் என்ற ரபி, கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்து ஏழாம் ஆண்டிலும் அறவிட வழி செய்யும் பத்திரம் ஒன்றை ஏற்படுத்தவேண்டியதாயிற்று.

இந்தச் சூழ்நிலையில்தான் இயேசுநாதர் நாசரேத் செபக்கூடத்தில் எசாயாவின் ஏட்டைத் திறந்து, சிறைப்பட்டோருக்கு விடுதலையும் ஆண்டவரின் அருள் ஆண்டும் வந்துவிட்டன என்று அறிவித்தார். அந்த 'விடுதலை' என்ற இடத்தில் இலத்தீன் வேதாகமம் எழுதியிருப்பது 'ரெமிசியோ' என்ற நம்முடைய சொல்லையே. திருப்பலியில் கிண்ணத்தின் மீது குருவானவர் சொல்லும் வசீகர வசனத்திலும் அதே சொல் நிற்கிறது. ஆண்டவர் தம் இரத்தத்தைச் சிந்தியது இந்த 'ரெமிசியோ'வுக்காகவே.

நம் மொழி சொல்லும் உண்மை

இலத்தீன் மொழி அனுப்பிவிடுதல் என்று சொன்ன இடத்தில் நம் முன்னோர் வேறொரு சொல்லைத் தேர்ந்தார்கள். அது 'பாவப் பொறுத்தல்'. இன்று மன்னிப்பு என்ற சொல் பெருகிவிட்டாலும், நம் பாட்டிமாரின் செபங்களில் பொறுத்தல் என்பதே பெருவழக்கு.

பொறுத்தல் என்றால் சுமத்தல். பொறை என்றால் பாரம். பொறுப்பு என்ற சொல்லும் இதன் வழி வந்ததே. வள்ளுவர் 'பொறையுடைமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். நம்மூர்ப் பழைய தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்பதை வயது வந்தவர்கள் அறிவார்கள். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறுவார். சுமை காற்றில் மறைந்துவிடவில்லை. தலையிலிருந்து இறங்கியதைக் கல் தாங்கிக்கொண்டது.

கடனும் அப்படித்தான். ஒருவர் நமக்குத் தரவேண்டிய ஐம்பதினாயிரம் ரூபாவை நாம் விட்டுவிட்டால், அந்த ஐம்பதினாயிரம் எங்கே போகிறது? நம்முடைய நட்டமாக நம் தலையில் ஏறுகிறது. பட்டவன் இறக்கியதை விட்டவன் சுமக்கிறான். இலத்தீன் சொல் கடன்பட்டவன் பக்கத்தில் நின்று, 'போயிற்று' என்கிறது. தமிழ்ச் சொல் மன்னிப்பவன் பக்கத்தில் நின்று, 'தாங்கினேன்' என்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் கல்வாரி மலை விளங்கும். நம் பாவம் நம்மை விட்டுப் போயிற்று. சிலுவையில் தொங்கியவர் அதைத் தாங்கினார்.

ஆறு கோடி நாட்கூலி

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியன் ஒருவன். அவனுக்கு நூறு தெனாரியம் கடன்பட்ட உடன் ஊழியன் மற்றொருவன். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாள் ஒருவரின் ஒரு நாட்சம்பளம். அப்படியானால் முதலாமவன் பட்ட கடன் ஆறு கோடி நாட்கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் அதைத் தீர்க்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் வேண்டும். 'பொறுத்துக்கொள்ளும், தந்துவிடுகிறேன்' என்று அவன் கெஞ்சியது நகைப்புக்குரியது. அரசன் தவணை கொடுக்கவில்லை, முழுவதையும் விட்டுவிட்டான்.

நாம் வழக்கமாகக் கவனியாமல் விடுவது அந்த நூறு தெனாரியத்தை. அற்பத் தொகைக்காக அவன் நண்பனின் கழுத்தைப் பிடித்தான் என்று சொல்லிவிடுகிறோம். நூறு நாட்கூலி அற்பத் தொகையா? கூலிக்குப் போகும் குடும்பம் ஒன்று நாலு மாதம் சாப்பிடும் பணம் அது. ஆண்டவர் வேண்டுமென்றேதான் அதை நூறு என்று வைத்தார். பிறர் நமக்குச் செய்த தீமை உண்மையிலேயே தீமைதான். நாம் பட்ட நட்டமும் நட்டம்தான். அதை ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆறு கோடியின் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறார்.

ஒத்தியும் மீட்பும்

கடன் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் கட்டளைப்படி யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் நம் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமையை எழுதி முடித்து 1707இல் சமர்ப்பித்தார். பன்னிரண்டு முதலிமார் அதன் தமிழ் மொழிபெயர்ப்பை வாசித்துச் சரி பார்த்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தார்கள். அதிலே ஒத்தியும் ஈடும் அடகும் கைமாற்றும் எத்தனை நுணுக்கமாகப் பேசப்படுகின்றன! ஒத்திக்குக் கொடுத்த காணியின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார்; முதலைக் கட்டியவுடன் காணி சொந்தக்காரருக்குத் திரும்பும். அதற்கு நம் மக்கள் சொல்லும் சொல் 'மீட்பு'. ஒத்தியை மீட்டேன், அடகு நகையை மீட்டேன் என்கிறோம். அதே சொல்லாலேயே நம் இரட்சகரை மீட்பர் என்று அழைக்கிறோம். நொத்தாரிசின் மேசையில் புழங்கும் சொல்லும் பீடத்தின்மேல் ஒலிக்கும் சொல்லும் நம்மிடத்தில் ஒன்றே.

காசு அனுப்புவதும் நமக்குப் பழையதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நம் இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் போய், அங்கிருந்து அனுப்பிய காசில் இங்கே கல்வீடுகள் எழும்பின. 1983 யூலைக் கலவரத்தின் பின் எம்மவர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சிதறினார்கள். அவர்கள் உண்டியல் மூலமும் வங்கி மூலமும் அனுப்பிய காசு, போர்க்காலத்தில் எத்தனையோ அடுப்புகளை அணையாமல் காத்தது. போருக்குப் பின் இடிந்த ஆலயங்கள் பலவற்றைத் திரும்பக் கட்டியது. குளிரில் இரண்டு வேலை செய்து அனுப்பியவர்களின் வியர்வை அது. அதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் வாசகர்களே, பணத்தை றெமிற் செய்கிற நாம் கடனை றெமிற் செய்கிறோமா? அண்ணன் வெளிநாட்டிலிருந்து இருபது ஆண்டுகளாகக் காசு அனுப்புகிறார். அனுப்பிய ஒவ்வொரு தொகையும் அவர் மனக்கொப்பியில் பதிவாகியிருக்கிறது. தங்கைக்குக் கொடுத்த சீதனக் காணியில் இரண்டு பரப்புக் கூடிவிட்டது என்று அவர் பேசுவதில்லை. தங்கையின் கொப்பியும் வெறுமையாக இல்லை. ஷெல்லடிக்குள் அப்பு ஆச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். கடைசிவரை மலசலம் எடுத்துப் பார்த்தது நான். அனுப்பிய காசுக்கு அது ஈடாகுமா என்று அவரும் கணக்கு வைத்திருக்கிறார். இரண்டு கணக்கும் சரியான கணக்கே. செத்த வீட்டுக்கு வந்தவர் உடன்பிறந்தவளின் படலையைத் திறக்காமலே விமானம் ஏறுகிறார். வேலி எல்லை வழக்கு ஒன்று தகப்பன் தொடங்கி மகனின் தலையில் இறங்கி, பேரனுக்கும் முதுசமாகப் போகிறது. பணம் கடலைக் கடந்து வருகிறது. ஒரு சொல் ஒழுங்கையைக் கடக்கமாட்டேன் என்கிறது.

ஏழைகளின் கடனும் நம் கண்முன்னே இருக்கிறது. போருக்குப் பின் வடக்கிலே நுண்கடன் கொம்பனிகளிடம் சிக்கிய பெண்கள் பட்ட பாடு சிறிதன்று. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட அடகு. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. 2022 ஏப்பிரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. 2025 யூபிலி ஆண்டை 2024 மே மாதம் அறிவித்த மடலில், ஒருபோதும் அடைக்க முடியாத நாடுகளின் கடன்களை விட்டுவிடுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் செல்வந்த நாடுகளை வேண்டினார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 2000ஆம் ஆண்டு யூபிலிக்கு முன் இதையே வலியுறுத்தினார். பெரிய நாடுகள் ஏழை நாட்டின் கடனை விடவேண்டும் என்று கைதட்டும் நாம், மாதவட்டிக்குக் காசு கொடுத்து ஏழை விதவையின் தோட்டை வைத்திருந்தால் அந்தக் கைதட்டலுக்குப் பொருள் என்ன?

விடக்கூடியவர் யார்?

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தவிர்க்க வேண்டும். கடனை விடும் உரிமை கடன் கொடுத்தவருக்கே உண்டு. என் அயலவருக்கு வரவேண்டிய காசை, 'பரவாயில்லை, வைத்துக்கொள்' என்று நான் சொல்ல முடியுமா? அதுபோலவே பிறர் பட்ட காயத்தை நாம் மன்னித்துவிட முடியாது. 1995 யூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திய தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் அமர்ந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். 'மறந்து மன்னித்துவிடுங்கள்' என்று அத்தாய்மாரைப் பார்த்து அதிகாரத்தில் உள்ளவர் சொல்வது மன்னிப்பு அன்று. அது கடன்காரனே கொப்பியைக் கிழிப்பது.

உவமையை மறுபடியும் பாருங்கள். அரசன் முதலில் செய்தது கணக்குக் கேட்டதே. கடன் எவ்வளவு என்று வெளியரங்கமாகச் சொல்லப்பட்டது. அதன் பின்பே அது விடப்பட்டது. உண்மை சொல்லப்படாத இடத்தில் விடுவதற்கு எதுவும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் நாம் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுவதும் இதனாலேதான். திருடியவன் பாவப் பொறுத்தல் பெற்றாலும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை தீராது என்று திருச்சபை போதிக்கிறது. இரட்சணியம் தன் வீட்டுக்கு வந்த நாளில் சக்கேயு நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று எழுந்து நின்றான். ஆகவே கடன்பட்டவர்கள் இந்தக் கட்டுரையைக் காட்டிக் கடனைக் கட்டாமல் விட வேண்டாம். கட்டக்கூடியவர் கட்டவேண்டும், விடக்கூடியவர் விடவேண்டும். அந்தத் தாய்மாரின் மனத்தில் ஆண்டவர் எந்த நாளில் என்ன வரம் ஊற்றுவார் என்பது அவர்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள காரியம். நம் கடமை அவர்கள் பக்கத்தில் நின்று கணக்கைக் கேட்பது.

அனுப்பப்பட்டவர்கள்

உயிர்த்த ஆண்டவர் பூட்டிய அறைக்குள் சீடர்முன் தோன்றிய மாலையை நினைவுகூருங்கள். பிதா தம்மை அனுப்பியதுபோலத் தாமும் அவர்களை அனுப்புவதாகச் சொன்னார். அவர்கள்மேல் ஊதி, பாவங்களைப் பொறுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார். அருளப்பர் 20ஆம் அதிகாரத்தின் அந்த வசனங்களை இலத்தீனில் வாசித்தால் 'மித்தெரே'யும் 'ரெமித்தெரே'யும் அருகருகே நிற்கின்றன. அனுப்பப்படுவதும் பாவத்தை அனுப்பிவிடுவதும் ஒரே மூச்சில் வந்தவை.

1687இல் புனித யோசே வாஸ் கோவையிலிருந்து ஏழைக் கூலியின் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியது எதற்காக? ஒல்லாந்தரின் தடைக்குள்ளே குருவைக் காணாதிருந்த விசுவாசிகளுக்குச் சில்லாலையில் மறைந்திருந்து பாவப் பொறுத்தல் கொடுத்தார். 1847இல் மார்செய் நகர ஆயர் புனித யூஜின் தெ மசெனோ தம் அமலமரித் தியாகிகளை இந்தத் தீவுக்கு அனுப்பியதும் அதற்காகவே. அவர்களை மிஷனரிமார் என்கிறோம். அந்தப் பெயர் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலியின் முடிவில் குருவானவர் நம்மையும் அனுப்பிவைக்கிறார்.

ஆகவே இந்த ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மனக்கொப்பியைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு வரவேண்டியது, உங்களால் விடக்கூடியது, ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அது ஒரு கைமாற்றுக் காசாக இருக்கலாம். கலியாண வீட்டில் சொல்லப்பட்ட ஒரு சுடுசொல்லாக இருக்கலாம். முப்பது ஆண்டு பழைய இரண்டு பரப்புக் காணியாக இருக்கலாம். அதன் பெறுமதி என்னவென்று முதலில் உள்ளபடி எண்ணுங்கள். பிறகு அந்த நட்டத்தைச் சுமக்க வரம் கேட்டுச் செபியுங்கள். அதன்பின் தொலைபேசியை எடுங்கள். அல்லது படலையைத் திறந்துகொண்டு போங்கள். பணம் அனுப்ப வங்கி திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு அப்படி இல்லை.